கல்லூரிக்கு எடுத்துப்போன தட்டு

என் தம்பி மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போனபோது நான் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பெண், நான். வீட்டுக்காரர் தவறிப்போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது, பிள்ளை கிடையாது, அன்றிலிருந்து எனக்குத் தம்பி வீடுதான். முழங்கால் விட்டுப்போகிற வரைக்கும் நடவுக்குப் போனேன். இப்போது கோழிக்குத் தண்ணீர் வைப்பது, விறகு அடுக்குவது, பாப்பா படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவது, இதுதான் வேலை. பாப்பா என்று கூப்பிடுகிறோமே தவிர அவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. பிளஸ் டூவில் நல்ல மார்க். வேதியியல் படிக்க வேண்டும் என்பாள். அது என்ன படிப்பு என்று கேட்டேன். "ரெண்டைக் கலந்தா மூணாவது ஒண்ணு வரும் அத்தை, அதைப் பத்தி," என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த ஆள் இல்லை. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். கவுன்சலிங்குக்குக் கூப்பிடுவார்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும், அன்றைக்குப் போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து போன் வந்தது. எங்கள் நம்பரை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று இன்று வரைக்கும் தெரியாது. சும்மா வந்து சுற்றிப் பாருங்கள், பஸ் நாங்களே அனுப்புகிறோம், மதியம் சாப்பாடும் உண்டு என்றார்கள். சர்டிபிகேட்டையும் கையோடு எடுத்து வாருங்கள், பார்த்துவிட்டு என்ன கோர்ஸ் கிடைக்கும் என்று சொல்கிறோம் என்றார்கள்.

அது மே மாதம். மேட்டூர் அணை திறக்கப் போகிறது என்று, போர்க் கிணறு வைத்திருந்தவர்கள் எல்லாரும் நாற்றங்காலுக்கு உழவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி டிராக்டர் டிரைவர். அந்த நேரத்தில் அவன் வண்டியை விட்டு இறங்கினால் வேறொருவன் ஏறிவிடுவான். அவன் மனைவிக்கு அந்த வாரம்தான் நூறு நாள் வேலை வந்திருந்தது.

"நீ கூடப் போக்கா," என்றான் தம்பி.

"நானா? அங்கல்லாம் போயி நான் என்னத்தப் பேசுவேன்?"

"பேச வேணாம். கூட நின்னாப் போதும்."

கூட நிற்பது எனக்கு வரும். அறுபத்தாறு வயசில் நான் செய்ததில் பாதி அதுதான்.

காலையில் கிளம்பும்போது தம்பி மனைவி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, நாலு வாழைப்பழம், கொஞ்சம் மல்லிகைப்பூ எல்லாம் வைத்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "வெறுங்கையோட போகாதீங்க அண்ணி. மொத மொதல்ல நம்ம பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போறோம்," என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அது எங்கள் அம்மாவுடைய தட்டு. விளிம்பில் அம்மா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். தம்பி நிச்சயதார்த்தத்துக்கு அந்தத் தட்டில்தான் புடவை வைத்துப் பெண் வீட்டுக்குப் போனோம். எங்கள் பக்கம் நிச்சயம் என்றாலே தட்டு மாற்றுவதுதான். நம் தட்டு அங்கே போக வேண்டும், அவர்கள் தட்டு இங்கே வர வேண்டும். இரண்டும் கை மாறினால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம்.

ரேஷன் கடைக்கு முன்னால் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தே எனக்குத் திகைப்பு. கண்ணாடி ஜன்னலெல்லாம் மூடியிருந்தது, உள்ளே குளிர். வியர்வையோடு ஏறினவள் நடுங்கிக்கொண்டே போனேன். கல்லூரி வாசலில் இறங்கினால், கல்யாண வீடு. ஒரே நிறத்தில் புடவை கட்டின நாலு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி பன்னீர் தெளித்தாள், ஒருத்தி சந்தனம் நீட்டினாள், ஒருத்தி கல்கண்டு. "வாங்கம்மா, வாங்க, நல்லாருக்கீங்களா?" என்று, என்னைப் பார்த்து! நடவு வயலில் என்னை அப்படிக் கேட்டவர்கள் உண்டு. சிமெண்டுக் கட்டடத்துக்குள் இருந்து யாரும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டு கொண்டு வந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய கூடத்தில் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார்கள். கோட்டுப் போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏரோப்பிளேனில் ஏறினார்கள். அப்புறம் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாப்பா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவள் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஆறு கண்ணாடிக் குழாய் என்று சொல்லியிருக்கிறாள். இங்கே அலமாரி அலமாரியாகக் குழாய், குடுவை, மூடி போட்ட சீசா. எல்லாம் பளபளவென்று இருந்தன.

"அத்தை, பாரேன்! பாரேன்!"

பார்த்தேன். நான் பாத்திரம் தேய்த்தே வயசானவள், என் கண் போகிற இடம் வேறு. நீள மேசை, ஒரு சூடு பட்ட தழும்பு இல்லை. தொட்டியில் ஒரு கறை இல்லை. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே தொட்டியின் வெள்ளை அப்படியே வெள்ளையாக இருந்தது. ஒரு வீட்டு அடுப்பங்கரை இப்படி இருந்தால் அந்த வீட்டில் சமைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அது எனக்குத் தோன்றியது. தோன்றியதை வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம். படித்தவர்கள் இடம், அவர்கள் தேய்த்து வைத்திருப்பார்கள் என்று விழுங்கிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மேசைக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் டையும் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். "சர்டிபிகேட் குடுங்கம்மா, பார்க்கலாம்," என்றார். பாப்பா சர்டிபிகேட் வைத்திருந்த கோப்பை எடுத்தாள். நான்தான், நானேதான், துணிப்பையிலிருந்து தட்டை எடுத்தேன். வெற்றிலை, பழம், பூவுக்கு மேலே கோப்பை வைத்து, குனிந்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் ஒரு நொடி முழித்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தும் சிரித்தார். "ரொம்ப சந்தோஷம்மா," என்று தட்டோடு வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஒரு காகிதத்தைத் தள்ளினார். எல்லாம் இங்கிலீஷ். "காப்பாளர் கையெழுத்து இங்க. இல்லன்னா கைநாட்டு வச்சாலும் சரி," என்றார்.

கைநாட்டு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எங்கள் நடவுக் கூட்டத்திலேயே போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாப்பா காகிதத்தை இழுத்துப் படிக்கப் பார்த்தாள். அதற்குள் நான் பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக அழகாகப் போட்டுவிட்டேன்.

அதன் நகல் ஒன்றைப் பாப்பா கையில் கொடுத்தார். கோப்பு அவருக்குப் பின்னால் இருந்த பீரோவுக்குள் போயிற்று. தட்டும் போயிற்று. அவர் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அடுத்தவங்க வாங்க," என்றார்.

பாப்பா, "சார், ஒரிஜினல்..." என்றாள்.

"பத்திரமா இருக்கும்மா. சரிபார்க்கணும்ல?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆம்பிளை ஒருவர் சாவியைப் பைக்குள் போட்ட பிறகு அதை எடு என்று நான் எப்படிக் கேட்பேன்?

எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கே என்று கேட்கக் கூச்சம். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். முன்பக்கம் பூச்சட்டியும் கண்ணாடியுமாக இருந்தது, பின்பக்கம் பூசாத செங்கல் சுவர். அங்கே ஒரு அம்மா துடைப்பத்தோடு நின்றது. பேச்சைப் பார்த்தால் நம்ம பக்கத்து ஆள். எனக்கு இடத்தைக் காட்டிவிட்டு, "பொண்ணுக்கா? என்ன படிப்பு?" என்று கேட்டது.

"வேதியியல்."

"அந்த லேபா? பாக்க வர்றவங்க வந்தா தொறப்பாங்க. முந்தின நாளு நான்தான் தூசி தட்டுவேன். அதுக்கு வாத்தியாரே இல்லைங்க இப்போ, வேலைய விட்டுப் போயிட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சர்டிபிகேட்டு கையில வச்சிருக்கீங்கல்ல?" என்றது.

என் முகத்தைப் பார்த்தே அதற்குப் புரிந்துவிட்டது.

"அய்யய்யோ. குடுத்துட்டீங்களா? அதை வாங்குறதுக்கு எத்தனை பேரு இங்க வந்து நிக்கிறாங்கன்னு எனக்குல்ல தெரியும்!"

முழங்காலைப் பற்றிக்கூட நினைவில்லை, ஓடினேன். மேசைக்குப் பின்னால் ஆள் இல்லை. பீரோ பூட்டியிருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பாப்பா அந்தக் காகிதத்தின் நகலைத் தம்பிக்குப் படித்துச் சொன்னாள். அவள் இந்தக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், மூன்று வருஷமும் இங்கேதான் படிப்பாள், அதற்குக் காப்பாளர் முழு சம்மதம் என்று எழுதியிருந்ததாம். சேர்த்த படிப்பு வேதியியல்கூட இல்லை, கம்ப்யூட்டர் ஏதோ. அதற்குக் கீழே என் கையெழுத்து. நான் இதுவரை போட்டதிலேயே அழகான கையெழுத்து அதுதான்.

தம்பி என்னைத் திட்டவில்லை. "நீ போட்டியாக்கா?" என்று ஒரு தடவை கேட்டான். மறுபடி கேட்டான். திட்டியிருந்தால் தேவலை. அவன் மனைவிதான் வாய்விட்டாள். "கூட நிக்கச் சொன்னா தாரை வாத்துக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே அண்ணி! தட்டும் போச்சு!" சொல்லிவிட்டுத் தட்டு வைத்துக் கொடுத்தது தான்தான் என்று நினைவு வந்திருக்க வேண்டும், உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் தம்பி உழவை விட்டுவிட்டுப் போனான். சர்டிபிகேட்டைத் திருப்பித் தர வேண்டுமானால் கல்லூரி நடத்துகிற பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் வெளிநாடு போயிருக்கிறார், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார்களாம். அரசுக் கல்லூரிக் கவுன்சலிங் அடுத்த திங்கட்கிழமை. இவன் குரலை உயர்த்தியிருக்கிறான். வாட்ச்மேன் இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். இதைத் தம்பி கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பாப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ராத்திரி, "கம்ப்யூட்டரே படிச்சுட்டுப் போறேன், விடு அத்தை," என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை அந்தக் கல்லூரி பஸ் மறுபடியும் எங்கள் ஊர் வழியாக வருகிறது, அதுதான் கடைசி என்று ரேஷன் கடையில் பேசிக்கொண்டார்கள். நான் புடவை மாற்றிக்கொண்டு பாப்பாவிடம், "வா போகலாம்," என்றேன்.

"அங்கயா? போயி?"

"கேக்கலாம்."

"யாரு, நீயா? கண்டக்டர்கிட்ட மீதிச் சில்லறையே கேக்க மாட்ட, இறங்கி வந்துடுவ."

அது நிஜம். எனக்கே என்ன கேட்கப் போகிறேன் என்று தெரியாது. அழுதால் தருவார்களோ என்று ஒரு யோசனை. அதுவும் இல்லாவிட்டால் தட்டையாவது வாங்கிக்கொண்டு வரலாம். பஸ்ஸில் ஏறியவர்களை எண்ணிக்கொண்டே நின்றவர் எங்களை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு ஆள் எண்ணிக்கை போதும்.

கூத்தாநல்லூரில் ஒரு அம்மாவும் மகளும் ஏறினார்கள். கறுப்பு புர்கா போட்ட அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்குவதற்குள், "நீங்க முன்னாடியே போயிருக்கீங்களாக்கா? எப்படி இருக்கும்?" என்று கேட்டது. பாப்பாதான் முன் சீட்டிலிருந்து திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா கேட்டுவிட்டுத் தன் மகளுடைய கோப்பை எடுத்துப் புர்காவுக்குள் வைத்துக்கொண்டது. "வந்தது வந்துட்டோம், சுத்திப் பாத்துட்டுப் போறோம். இது மட்டும் என்னைவிட்டு எறங்காது," என்றது.

கல்லூரி வாசலில் அதே கல்யாண வீடு. அதே பன்னீர், அதே சந்தனம். எங்களுக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கின கூட்டம் வரிசையாக நின்றது. மூன்றாவதாக நின்ற பெண், "கல்கண்டு எடுத்துக்கோங்கம்மா," என்று தட்டை நீட்டினாள்.

குனிந்தேன். கல்கண்டுக்கு வெளியே விளிம்பில் புள்ளி புள்ளியாக எங்கள் அம்மா பெயர்.

எனக்கு அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. செத்துப்போன அம்மாவை யாரோ வாசலில் வேலைக்கு நிறுத்தி வைத்திருக்கிற மாதிரி இருந்தது. என் கை கல்கண்டை எடுக்கவில்லை, தட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இழுத்தாள். என் கை விடவில்லை. நான் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். பயத்தில் விரல்கள் இறுகிவிட்டன, அவ்வளவுதான்.

"அம்மா, தட்டை விடுங்க. கல்கண்டு மட்டும் எடுத்துக்கோங்க."

"இது எங்க அம்மா தட்டு," என்றேன்.

"என்னம்மா?"

"எங்க அம்மா தட்டு. பேரு வெட்டியிருக்கு பாரு."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. வெயில். என்ன, என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டை போட்டவர் உள்ளேயிருந்து வேகமாக வந்தார். என்னையும் தட்டையும் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"வாங்கம்மா, உள்ள ஏசியில உக்காந்து பேசுவோம்."

உள்ளே போனால் நான் பேச மாட்டேன். அது எனக்குத் தெரியும். குளிரும் நாற்காலியும் சேர்ந்து என் வாயைக் கட்டிவிடும். அதனால் அசையவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

"நான் தட்டு வச்சேன். நீங்க தட்டு மாத்தலை. மாத்தாம நிச்சயம் எப்படி ஆவும்? எங்க தட்டை நீங்க எடுத்துக்கிட்டீங்க, உங்க தட்டு எங்க வீட்டுக்கு வரலை. அதனால பேச்சு முடியலை. எங்க பொண்ணோட காயிதத்தைக் குடுத்துடுங்க. தட்டையும் குடுத்துடுங்க."

நான் நியாயம் பேச வேண்டும் என்று பேசவில்லை. எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான், அதனால் அதைச் சொன்னேன். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பெண்ணையும் பிள்ளையையும் பெற்றவர்கள். பின்னால் ஒரு சலசலப்பு கிளம்பியது.

"என்னது, சர்டிபிகேட்ட வாங்கிப் பூட்டிக்கிட்டாங்களா?"

கூத்தாநல்லூர் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எடுத்துச் சொன்னது. "பாத்துட்டுத் தர்றோம்னு வாங்குனாங்களாம். இப்ப பெரியவரு ஊர்ல இல்லையாம். திங்கக்கெழமை அந்தப் பொண்ணுக்குக் கவர்மெண்டுல கவுன்சலிங்கு. தட்டும் மாத்தாம பொண்ணையும் வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு என்னங்க?"

யாரோ சிரித்தார்கள். எங்களுக்கு முன்னால் போனவர்களில், கடற்கரைப் பக்கத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஒருவர், மீன்பிடிக்கிறவராம், கையிலிருந்த கல்கண்டைப் பார்த்தார். "நாங்களும் இப்படித்தாங்க, தூண்டில்ல மொத நல்ல இரையாத்தான் மாட்டுவோம்," என்றார். வாயில் போட்டிருந்ததைத் துப்பவில்லை, மென்று விழுங்கிவிட்டுத்தான் சொன்னார். இப்போது நிறைய பேர் சிரித்தார்கள்.

டை போட்டவருக்கு வேர்த்துவிட்டது. உள்ளே போனார். பத்து நிமிஷம் இருக்கும். என் கை மரத்துப்போயிற்று, தட்டின் அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்த பெண் எப்போதோ விட்டுவிட்டாள். வெளிநாடு போனவர் அந்தப் பத்து நிமிஷத்தில் எப்படி வந்து கையெழுத்துப் போட்டாரோ தெரியாது, கோப்பு வந்துவிட்டது. அவர் என் கையில் கொடுக்கப் பார்த்தார். நான் தட்டை நீட்டினேன். கல்கண்டு மேலேயே வைத்தார்.

பாப்பா அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மார்க் ஷீட்டு, டி.சி., சாதிச் சான்றிதழ். பிறகு நிமிர்ந்து, "எங்க அத்தை கையெழுத்துப் போட்ட ஃபாரம், சார்?" என்றாள்.

"அதை நாங்க கிழிச்சிடுறோம்மா."

"குடுங்க சார். நாங்களே கிழிச்சுக்குறோம்."

அவள் குரலைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எங்கள் வீட்டில் இப்படிக் கேட்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஃபாரமும் எங்கள் கைக்கு வந்தது.

திரும்பி வரப் பஸ் கிடையாது. மெயின் ரோடு வரைக்கும் வெயிலில் நடந்தோம். எங்களோடு கூத்தாநல்லூர் அம்மாவும் மகளும், அந்த மீன்காரரும் அவர் மகளும் வந்தார்கள். அவ்வளவுதான். மற்ற எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். சாப்பாடு அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். தட்டில் இருந்த கல்கண்டை வழியில் பங்கு போட்டுத் தின்றோம்.

"அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க இப்படிப் பேச?" என்று கேட்டது கூத்தாநல்லூர் அம்மா.

பாப்பா, "அத்தை பேசி நானே இப்பதான் கேக்குறேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அரசுக் கல்லூரிக்குப் போனோம். தம்பி அன்று நானும் வருகிறேன் என்றான். அண்ணியே போகட்டும் என்று தடுத்தது அவன் மனைவிதான். தட்டு மட்டும் வேண்டாம் என்றாள்.

அங்கே வாசலில் பன்னீரும் இல்லை, வா என்று சொல்ல ஆளும் இல்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. மரத்தடியில் பிள்ளைகளும் பெற்றவர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேர் கூப்பிட நேரமாகும் என்றார்கள். நான் பாப்பாவிடம், "அந்த ஆய்வகம் எங்கன்னு கேளு, பாத்துட்டு வந்துடலாம்," என்றேன். இரண்டு கட்டடம் தள்ளி இருந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு நெடி மூக்கில் ஏறியது. உள்ளே யாரோ எதையோ அலசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மேசையெல்லாம் வட்ட வட்டமாகச் சூட்டுத் தழும்பு. தொட்டி பழுப்பேறி, ஒரு ஓரம் நீலமாகவே மாறியிருந்தது. குழாயில் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். அலமாரியில் பாதி சீசாவில் பாதிதான் மருந்து இருந்தது.

"இங்க சமைக்கிறாங்க பாப்பா," என்றேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் சிரித்தாள். பத்து நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பேர் கூப்பிட்டார்கள். மேசையில் மூன்று வாத்தியார்கள். மார்க்கைப் பார்த்தார்கள், வேதியியல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பாப்பா கண்ணை மூடித் திறந்தாள். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையை நீட்டி, "ஒரிஜினல் எல்லாத்தையும் குடுங்கம்மா," என்றார்.

கோப்பு என் கையில் இருந்தது. என் கை நீளவில்லை.

"குடு அத்தை," என்றாள் பாப்பா மெதுவாக.

"குடுத்தா தருவீங்களா?" என்று கேட்டேன். இந்தத் தடவை அந்த அம்மா முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"டி.சி. எங்ககிட்டதாம்மா இருக்கும், எந்தக் கல்லூரியிலயும் அப்படித்தான். மத்ததெல்லாம் சரிபார்த்து இப்பவே குடுத்துடுவோம். வாங்கினதுக்கு ரசீது எழுதித் தர்றேன்."

எந்தக் கல்லூரியிலும் அப்படித்தானா! எனக்கு அது ஒரு அடி விழுந்த மாதிரி இருந்தது. இங்கேயும் கொடுக்கத்தான் வேண்டும், இதே கையால்தான் கொடுக்க வேண்டும். பாப்பாவைப் பார்த்தேன். தலையசைத்தாள். கொடுத்தேன்.

அந்த அம்மா ரசீது எழுதி என் பக்கம் தள்ளி, "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார். தமிழில் இருந்தது. நான் பேனாவைத் தொடவில்லை. காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். என்னால் வேகமாகப் படிக்க முடியாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உதடு அசையும். பாப்பாவின் பெயர் சரியாக இருந்தது. தம்பியின் பெயர் சரியாக இருந்தது. பெற்றுக்கொண்டது டி.சி. ஒன்று என்று இருந்தது. பாடம் என்ற இடத்தில் வேதியியல்.

பின்னால் நின்ற ஒரு அம்மா, "கொஞ்சம் சீக்கிரம் ஆவட்டும்மா, எங்களுக்கும் பேர் கூப்பிட்டாச்சு," என்றது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அந்த மாதிரிக் குரலுக்கு ஒதுங்கி வழி விட்டிருப்பேன்.

"இருங்க," என்றேன். "இன்னும் ரெண்டு வரி இருக்கு."